கடைசி வரிசைக்கு வரும் பெண்ணுக்கு

கால்பந்து பழக வரும் சிறுமிகளில், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் ஆக வேண்டும் என்று தானாகக் கேட்பவள் அரிது. எல்லோருக்கும் கோல் போட ஆசை. உயரமாக இருக்கிறாள், பயமில்லாமல் இருக்கிறாள் என்று பார்த்துப் பயிற்சியாளர் ஒருத்தியைப் பின்னால் அனுப்புவார். அவள் முகம் சுருங்கிவிடும். நானும் அப்படி அனுப்பப்பட்டவள்தான். பிறகு அந்த இடத்தை விட்டு வர எனக்கு மனமில்லை. இப்போது பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஆட்டத்தையே பிழைப்பாகக் கொள்ள நினைக்கிற பிள்ளைகளுக்காக, மைதானத்தில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே சேர்த்து வைக்கிறேன். முக்கியமானது முதலில் என்றெல்லாம் வரிசைப்படுத்தவில்லை. நினைவுக்கு வந்தபடி எழுதுகிறேன்.

1. உன் கணக்கை நீயே எழுதி வை.

அமெரிக்க அணியில் பெக்கி சவர்ப்ரன் என்று ஒரு ஸ்டாப்பர் இருந்தார். செயின்ட் லூயிஸ் நகரத்துப் பெண். 2024 டிசம்பரில் அவர் ஓய்வை அறிவித்தபோது நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் 219. போட்ட கோல் ஒன்றுகூட இல்லை. இரண்டு உலகக் கோப்பை, ஓர் ஒலிம்பிக் தங்கம், அமெரிக்க லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது நான்கு முறை. கோல் கணக்கில் பூஜ்யம் வைத்துக்கொண்டு இவ்வளவும் வாங்கியிருக்கிறார்.

2015 உலகக் கோப்பையை எடுத்துக்கொள். இறுதியாட்டத்தில் ஜப்பானுக்கு எதிராகக் கார்லி லாய்ட் 16 நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஐந்து ஆட்டங்களில் அமெரிக்கா ஒரு கோல்கூட வாங்கவில்லை என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? சுவீடன், நைஜீரியா, கொலம்பியா, சீனா, ஜெர்மனி. அந்தத் தொடரில் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராமல் ஆடியவர் சவர்ப்ரன். அந்த ஐந்து ஆட்டங்கள் இல்லாவிட்டால் லாய்டுக்கு இறுதியாட்டமே கிடைத்திருக்காது.

வீட்டுக்குப் போனால் மாமாவும் சித்தியும் "எத்தனை கோல் போட்ட?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் மேல் கோபப்படாதே. அவர்களுக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். ஆனால் நீயும் அதே கேள்வியை உன்னிடம் கேட்டுக்கொண்டால் இரண்டே வருடத்தில் மனசு விட்டுப்போகும். ஒரு நோட்டு வாங்கு. ஆட்டம் முடிந்த அன்றே எழுது. நான் பிடித்த ஸ்ட்ரைக்கர் எத்தனை முறை பந்தோடு நம் கோலைப் பார்த்துத் திரும்பினாள்? பந்தைப் பிடுங்கிய பிறகு என் முதல் பாஸ் யாருக்குப் போனது? கோல் விழுந்திருந்தால், விழுவதற்கு ஐந்து விநாடி முன்னால் நான் எங்கே நின்றேன்? இந்தக் கடைசிக் கேள்விதான் பெரியது. கோல் விழும் நேரத்தில் எல்லோரும் கோல்கீப்பரையும் கடைசியாகக் காலை நீட்டியவளையும் பார்ப்பார்கள். தவறு பெரும்பாலும் ஐந்து விநாடி முன்னாலேயே, வேறொருத்தி நின்ற இடத்தில் நடந்து முடிந்திருக்கும்.

2. முந்திரிக்கொட்டை மாதிரி பாயாதே.

புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். எதிராளியின் காலில் பந்து இருந்தால் உடனே காலை விட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அவளோ பந்தை ஒரு முழம் தள்ளிவிட்டு உன்னைத் தாண்டிப் போய்விடுகிறாள். உனக்குப் பின்னால் கீப்பரைத் தவிர யாரும் இல்லை என்பதை நினைவில் வை. நடுக்களத்தில் ஒருத்தி ஏமாந்தால் காப்பாற்ற நீ இருக்கிறாய். நீ ஏமாந்தால் யார்?

அதனால் முதலில் ஓடிப்போய் நெருங்கு; கடைசி இரண்டு மூன்று அடியில் வேகத்தைக் குறை. நெஞ்சை நேராகக் காட்டி நிற்காதே, பக்கவாட்டில் நில். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்தில். அவளுடைய உடம்பு ஆயிரம் பொய் சொல்லும், கண்ணும் தோளும் பொய் சொல்லும். பந்து பொய் சொல்லாது, பந்தைப் பார். நீ நிற்கும் கோணத்தாலேயே அவளை எல்லைக்கோட்டுப் பக்கமோ, அவளுக்குப் பழக்கமில்லாத கால் பக்கமோ போக வை. இரண்டு விநாடி தாமதப்படுத்தினால் போதும், உன் ஆள் ஒருத்தி உதவிக்கு வந்துவிடுவாள். அவள் பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தட்டும் நொடி ஒன்று கட்டாயம் வரும். அப்போது காலை வை. வைத்தால் முழு மனதோடு வை.

சறுக்கித் தடுப்பது பார்க்க அழகுதான். ஆனால் நம் மைதானங்கள் பலவற்றில் புல்லைவிடக் கல்லும் மண்ணும்தான் அதிகம். ஒரு சறுக்கலுக்குத் தொடைத்தோல் உரிந்துபோகும். அதைவிடப் பெரிய நஷ்டம், விழுந்தவள் எழுந்திருக்கும் வரை நீங்கள் பத்துப் பேர். சவர்ப்ரனுடைய ஆட்டத்தைப் பார்த்தால் அவர் தரையில் கிடப்பதே அபூர்வம் என்று தெரியும். பாஸ் கிளம்பும் முன்பே அது போய்ச்சேரும் இடத்துக்கு நகர்ந்திருப்பார். அந்தப் படிப்பு கழுத்தில் தொடங்குகிறது. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்: உன் ஆள் எங்கே, உனக்கும் பக்கத்தில் நிற்பவளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, ஆஃப்சைடு கோடு யாருடைய காலால் உடைகிறது. பயிற்சியில் நான் திடீரென்று விசில் ஊதிக் கண்ணை மூடச் சொல்வேன். உனக்குப் பின்னால் யார் நிற்கிறாள் என்று மூடிய கண்ணோடு சொல்ல வேண்டும். தோழிகளோடு சேர்ந்து நீங்களும் செய்து பாருங்கள்.

உயரம் குறைவு என்று யாராவது உன்னை ஒதுக்கினால் அதை முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. பிரான்சின் வெண்டி ரெனார் 187 சென்டிமீட்டர். அது அவருக்கு வரம். அந்த உயரம் இல்லாதவள் எப்போது குதிப்பது என்பதையும் எங்கே நிற்பது என்பதையும் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

3. வாயைத் திற.

பெண்பிள்ளை சத்தம் போடக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த வளர்ப்பை மைதானத்துக்கு வெளியே விட்டுவிட்டு வா. முழு ஆட்டமும் கண்ணுக்கு முன்னால் விரிந்து தெரிவது ஸ்டாப்பருக்கும் கீப்பருக்கும் மட்டும்தான். மற்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உனக்குத் தெரிவதை அவர்களிடம் சொல்லாமல் வைத்திருப்பது, அணிக்குச் செய்யும் துரோகம் என்றே நான் நினைக்கிறேன்.

சொல் சின்னதாக இருக்கட்டும். முதலில் பேர், பிறகு வேலை. "கவி, லெஃப்ட்!" "மேன் ஆன்!" "டர்ன்!" "ஸ்டெப்!" உனக்குப் பந்து வேண்டுமானால் உன் பேரையும் சொல்லிக் கேள். கோல் விழுந்த பிறகு யார் தப்பு என்று கத்துவது எதற்கும் உதவாது. பந்து வருவதற்கு முன்னால் கத்தினால்தான் உதவும். பெரிய கிளப்புக்குப் போகும்போது பக்கத்தில் மணிப்பூர்க்காரி, இந்தப் பக்கம் ஒடிசாக்காரி, பின்னால் வங்காளத்துக் கீப்பர் என்று நிற்பார்கள். முதல் வாரமே உட்கார்ந்து பத்துப் பதினைந்து சொற்களைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். மொழி தெரியவில்லை என்று வாயை மூடிக்கொள்ளும் ஸ்டாப்பரை எந்தப் பயிற்சியாளரும் முதல் பதினோரு பேரில் வைக்கமாட்டார்.

4. இரண்டு காலும் பேச வேண்டும்.

நாங்கள் ஆடிய காலத்தில் ஸ்டாப்பர் பந்தைத் தூக்கி அடித்துவிட்டால் வேலை முடிந்தது. இப்போது முடியாது. 2019-ல் விதி மாறிய பிறகு கோல் கிக்கைப் பெனால்டி பகுதிக்குள்ளேயே நின்று வாங்கலாம். அதனால் ஆட்டம் உன் காலிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு பேர் உன் மேல் ஓடிவரும்போது பதறாமல் வாங்கி, அவர்களுக்கு நடுவே பாஸ் கொடுக்கத் தெரிய வேண்டும். பலவீனமான காலால் சுவரில் அடித்துப் பழகு; தினமும் பழகு.

2025 ஜனவரியில் செல்சி கிளப் நயோமி கிர்மாவை வாங்கியது. பெண்கள் கால்பந்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டிய முதல் விலை அது. கிர்மா ஸ்ட்ரைக்கர் இல்லை, ஸ்டாப்பர். எத்தியோப்பியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பெண். கூட்டம் வரும்போது பந்தை வைத்துக்கொண்டு நிதானமாக நிற்கிற அந்தத் தன்மைக்குத்தான் அவ்வளவு விலை என்பது என் கணிப்பு.

5. முழங்காலைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்.

இதைப் படிக்கும்போது மட்டும் அவசரப்படாதே, கண்ணு. ஏசிஎல் என்னும் நார் முழங்காலுக்குள் இருக்கிறது. அது அறுந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை. திரும்பி வர ஒன்பது மாதம், பலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அறுவது இரண்டு மூன்று மடங்கு அதிகம். பல தடவை யாரும் மோதுவதே இல்லை. ஓடிப்போய்த் திடீரென்று நிற்கும்போது, திசை மாறும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்ந்து அறுகிறது. அந்த அசைவுகள் எல்லாமே தடுப்பாட்டக்காரியின் அன்றாட வேலை என்பதை யோசித்துப் பார்.

2022-23 பருவத்தில் ஆர்சனல் கிளப்பில் மட்டும் நான்கு பேருக்கு ஏசிஎல் அறுந்தது. அவர்களில் ஒருவர் இங்கிலாந்து கேப்டன் லியா வில்லியம்சன், தடுப்பாட்டக்காரர். 2023 ஏப்ரலில் விழுந்தார். அந்த வருட உலகக் கோப்பை போயிற்று. திரும்பி வந்து 2025 ஐரோப்பியக் கோப்பையைக் கேப்டனாக வென்றார். திரும்பி வர முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் அவருக்குப் பின்னால் உலகத் தரமான மருத்துவர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் இருந்தார்கள். நம் பிள்ளைகள் பலருக்கு ஸ்கேன் எடுக்கவே வீட்டில் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் அறாமல் பார்த்துக்கொள்வதே நமக்குப் பெரிய வைத்தியம்.

ஃபிஃபா 11 ப்ளஸ் என்றொரு பயிற்சி முறை இருக்கிறது. சுமார் 20 நிமிடம். ஓட்டம், வயிறு-இடுப்புப் பலம், தொடையின் பின்தசைக்கு முழங்காலிட்டு மெல்ல முன்சாயும் பயிற்சி, ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்குதல். கருவி எதுவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்ததை நார்வேயில் பதின்வயதுப் பெண்களிடமே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். குதித்து இறங்கும்போது தோழியை எதிரில் நிறுத்தி, உன் முழங்கால் கால்விரலுக்கு நேராக இருக்கிறதா, உள்ளே சாய்கிறதா என்று பார்க்கச் சொல். பயிற்சியாளர் நேரமில்லை என்று சொன்னால் நீங்களே அரை மணி நேரம் முன்னால் வந்து செய்யுங்கள். இதில் மட்டும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காதீர்கள்.

6. தலையில் அடிபட்டால் ஆட்டம் முடிந்தது.

2008 ஜனவரியில் சீனாவில், தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே சவர்ப்ரனின் மூக்கு உடைந்தது. இந்த வேலையில் முகத்தில் அடி வாங்குவதைத் தவிர்க்க முடியாது. மூக்கு கூடிவிடும். மூளைக்கு வரும் அதிர்ச்சி அப்படி இல்லை. தலை சுற்றல், வெளிச்சம் கூசுதல், கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டல், வாந்தி: இதில் ஒன்று இருந்தாலும் வெளியே வா. "பரவாயில்ல மேடம், ஆடுறேன்" என்கிற பேச்சை நான் ஏற்றுக்கொள்வதில்லை. நீயும் உன் தோழி சொன்னால் ஏற்காதே, நடுவரிடம் கையைக் காட்டு.

தலையால் அடிப்பதை முறையாகக் கற்றுக்கொள். நெற்றியால், கண் திறந்து, வாய் மூடி, கழுத்தை இறுக்கி. பந்து உன்னை வந்து அடிக்கக் கூடாது. நீதான் பந்தை அடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். அமெரிக்காவில் பத்து வயது வரை தலையடி தடை. இங்கிலாந்தில் 11 வயதுக்கு உட்பட்டோர் பயிற்சியில் தலையடி கூடாது என்று 2020-ல் வழிகாட்டினார்கள். உன் தங்கைக்கு ஒன்பது வயது என்றால் அவளுக்குக் காலால் மட்டும் சொல்லிக்கொடு.

7. உடம்பைப் பற்றி வெட்கப்படாமல் பேசு.

மாதவிடாய் நாட்களில் ஆடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். ஆடலாம். வலி தாங்க முடியாமல் இருந்தாலோ, பல மாதம் வராமலே இருந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். வராமல் போவதை வசதி என்று விட்டுவிடாதே. ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாததால் அப்படி ஆகும், எலும்பு பலமிழக்கும். ரத்தச் சோகை நம் பெண்பிள்ளைகளிடம் நிறைய. பருவம் தொடங்கும் முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடு. முட்டை, கொண்டைக்கடலை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, கிடைத்தால் மீன், ஈரல். காலையில் வெறும் டீயோடு மைதானத்துக்கு வராதே.

மாதவிடாய்க் கறை பற்றிய கவலை இல்லாமல் ஆட, வெள்ளைக் கால்சட்டை கொடுத்தால் கருநிறம் கேளுங்கள். 2023-ல் இங்கிலாந்து பெண்கள் அணியே அந்தக் காரணத்துக்காக வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறியது. உலகக் கோப்பை ஆடுகிறவர்கள் கேட்டதை நீங்கள் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவும் சரியான அளவு பூட்டும் ஆடம்பரம் கிடையாது. அண்ணனுடைய பழைய பூட்டில் பஞ்சு அடைத்து ஆடாதே.

8. பெயர் பட்டியலில் இல்லையா? இருந்து ஆடு.

பதினெட்டு வயதில் செலக்‌ஷனில் பெயர் வராததும் வாழ்க்கையே முடிந்ததாக அழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முன்களத்தில் வேகம் பேசும். அது சின்ன வயதில் தெரிந்துவிடும். பின்களத்தில் அனுபவம் பேசும். அது வருவதற்கு வருடங்கள் ஆகும். சவர்ப்ரன் 2008-ல் அறிமுகமானார். பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ஓரங்கட்டப்பட்டார். 2011 உலகக் கோப்பை அரையிறுதியில், இன்னொருத்தி தடை வாங்கியதால் பிரான்சுக்கு எதிராக இடம் கிடைத்தது. முழு ஆட்டமும் தடுமாறாமல் ஆடினார். அவர் அசைக்க முடியாத ஆளாக ஆனபோது வயது இருபத்தேழைத் தாண்டியிருந்தது. ரெனாரைப் பிரான்சின் தேசியப் பயிற்சி மையம் சிறுவயதில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. மார்த்தினிக் தீவிலிருந்து வந்த அந்தப் பெண் பதினாறு வயதில் லியோன் கிளப்பில் சேர்ந்து எட்டு முறை சாம்பியன்ஸ் லீக் வென்றார்.

நம் நாட்டிலேயே பார். இம்பாலின் ஆஷாலதா தேவி, ஸ்டாப்பர். பல ஆண்டு இந்தியக் கேப்டன். 2024 அக்டோபரில், காத்மாண்டுவில், 100 சர்வதேச ஆட்டங்களை எட்டிய முதல் இந்தியப் பெண் ஆனார். அப்போது அவருக்கு 31 வயது. அவர் மதுரையின் சேது எஃப்சி சட்டையிலும் ஆடியவர் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். நூறாவது ஆட்டத்தை முதலில் தொட்டது ஒரு தடுப்பாட்டக்காரி என்பதை நான் என் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். காயமில்லாமல், ஒழுங்காக, வருடக்கணக்கில் நிற்கிறவளுக்கு இந்த இடம் நீண்ட ஆயுளைத் தரும்.

9. கிளப் மூடப்படலாம். நீ மூடப்படக் கூடாது.

பெண்கள் கால்பந்தில் பணம் இன்னும் நிலைகொள்ளவில்லை. பணக்கார அமெரிக்காவிலும் இதே கதைதான். சவர்ப்ரன் ஆடிய முதல் தொழில்முறை லீக் 2012-ல் கலைந்தது. அடுத்து வந்த லீக்கில் அவர் இருந்த கேன்சஸ் சிட்டி கிளப் 2017-ல் மூடியது. அங்கிருந்து அவர் போன யூட்டா கிளப் 2020-ல் மூடியது. நடுவில் நார்வேக்குப் போய் ஆடினார். ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்.

இந்தியாவில், சேது எஃப்சி பட்டம் வென்ற 2018-19 இந்திய மகளிர் லீக் முழுவதும் லூதியானாவில் மூன்று வாரத்துக்குள் நடந்து முடிந்தது. மூன்று வார வேலையை யாராவது தொழில் என்பார்களா? 2023-24-ல்தான் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறை வந்தது. அந்தச் சமயத்தில், கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் தர வேண்டும் என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் முடிவெடுத்தது. நல்ல தொடக்கம்தான், ஆனால் அதை வைத்து மட்டும் ஒரு குடும்பத்தை நடத்த முடியாது.

அதனால் படிப்பை விடாதே. கல்லூரிகளில் விளையாட்டு இடம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சான்றிதழ்களை, ஆடிய ஒவ்வொரு மாநில, தேசியப் போட்டியின் சான்றிதழையும், பத்திரமாக வை. நகல் எடுத்து வேறொரு வீட்டிலும் வை. கடலூரிலிருந்து வந்து இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் சென்னைத் தெருக்களில் பணியில் நின்றார். டெல்லியின் டாலிமா சிப்பர் இந்தியாவின் சைடு பேக். கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அங்கும் ஆடினார். இரண்டு வழியும் உனக்குத் திறந்திருக்கிறது.

10. படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

வாய்ப்பேச்சு ஒப்பந்தம் வேண்டவே வேண்டாம். அப்படி நம்பிப் போய், பருவம் முடிந்த பிறகும் பணத்துக்காகப் போன் செய்துகொண்டிருந்த பெண்களை எனக்குத் தெரியும். எழுத்தில் கேள், நகல் உன் கையில் இருக்க வேண்டும். சம்பளம் எந்தத் தேதி? காயம்பட்டால் அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா? தங்குமிடம், சாப்பாடு, பயணம் இதற்குள்ளா, வெளியேயா? இடையில் வேறு கிளப் கூப்பிட்டால் போகலாமா? புரியாத வரி இருந்தால் தெரிந்த வக்கீலிடமோ ஆசிரியரிடமோ காட்டிவிட்டு மறுநாள் போடு. இன்றே போட்டால்தான் ஆச்சு என்று அவசரப்படுத்துகிறவரிடம் இன்னும் நிதானமாக இரு.

கல்யாணம், குழந்தை என்றால் ஆட்டம் முடிந்தது என்று வீட்டில் சொல்வார்கள். 2021 முதல் ஃபிஃபா விதிப்படி தொழில்முறை வீராங்கனைக்குக் குறைந்தது 14 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரமாவது பிரசவத்துக்குப் பிறகு. சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்க வேண்டும். ஐஸ்லாந்தின் சாரா ப்யோர்க் குன்னார்ஸ்டாட்டிர் கர்ப்பமாக இருந்தபோது லியோன் கிளப் முழுச் சம்பளம் தரவில்லை. அவர் ஃபிஃபாவிடம் போய் 82,000 யூரோவுக்கு மேல் வாங்கினார். அமெரிக்காவின் கிறிஸ்டி பியர்ஸ் இரண்டு பெண்களுக்குத் தாய். 40 வயதில், 2015 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் களமிறங்கினார். அவரும் ஸ்டாப்பர்தான்.

தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் சேர்ந்து கேளுங்கள். ஆண்களுக்குச் சமமான ஊதியம் வேண்டும் என்று 2016-ல் அமெரிக்காவில் புகார் கொடுத்த ஐந்து பேரில் சவர்ப்ரன் ஒருவர். பிறகு வீராங்கனைகள் சங்கத்துக்கும் தலைமை தாங்கினார். 2022-ல் சம ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு வருடம்! கோல் போடாதவள் என்று அவரை யாரும் அந்த மேசையிலிருந்து எழுப்பவில்லை.

11. யாருடைய கை எல்லை மீறினாலும் சொல்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். செலக்‌ஷனில் பெயர் போடுகிற அதிகாரம் கையில் இருப்பவர் அதை வைத்து உன்னைத் தனியாக அறைக்கு அழைத்தால், இரவில் தேவையில்லாத செய்தி அனுப்பினால், உடம்பைப் பற்றிப் பேசினால், அது பயிற்சியில் சேராது. அமெரிக்க லீக்கில் வருடக்கணக்கில் நடந்த அத்துமீறல்களை 2022-ல் சாலி யேட்ஸ் விசாரணை அறிக்கை வெளியே கொண்டுவந்தது. அதற்கு முன்னால் வீராங்கனைகள் சொன்னபோது பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் அது எழுதியது. அதே வருடம் நம் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியின் ஐரோப்பியப் பயணத்தில் எழுந்த புகாரால் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் நீக்கப்பட்டார்.

வெளியூர்ப் போட்டிக்கு அணியோடு ஒரு பெண் மேலாளர் வருகிறாரா என்று அம்மா அப்பாவைக் கேட்கச் சொல். 18 வயதுக்குக் கீழ் என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் உன் பக்கம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். பெரியவள் என்றால் 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. விளையாட்டு அரங்கமும் அதில் பணியிடம்தான். சொன்னால் இடம் போய்விடும் என்று பயப்படுவாய். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அணியில் மூத்தவளாக நீ இருந்தால், சின்னவள் வந்து சொல்லும்போது முதலில் அவளை நம்பு. பிறகு அவளோடு கூடவே போ.

12. பூட்டைக் கழற்றும் முன்பே அடுத்த வேலையைக் கற்றுக்கொள்.

பயிற்சியாளர் படிப்பில் முதல் படி 'டி' லைசென்ஸ், அடுத்தது 'சி'. ஆடிக்கொண்டிருக்கும்போதே, பருவம் இல்லாத மாதங்களில் முதல் படியை முடித்துவிடு. நடுவர் தேர்வும் எழுதலாம். ஆஃப்சைடு கோட்டை உன்னைப் போல் பார்த்துப் பழகியவர்கள் யார் இருக்கிறார்கள்? தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல் மணிப்பூரைத் தோற்கடித்து முதல் முறையாகத் தேசியப் பட்டம் வென்றது; 2023-ல் மறுபடி வென்றது. அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரும் சிறுமிகள் கூடியிருக்கிறார்கள். கீப்பருக்குத் தனியாகப் பயிற்சி தருகிற ஆள்கூட அங்கங்கே கிடைக்கிறார். பின்வரிசை நான்கு பேரைச் சேர்த்து நிறுத்தி, எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது, யார் யாருக்குக் கவர் என்று பொறுமையாகச் சொல்லித்தரத்தான் ஆள் குறைவு. எங்கள் மாவட்டத்தில் இருக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் ஆடி முடித்து வரும்போது அந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கும்.